அறுபதுக்கு மேல் நாடகம் எழுத உட்காரலாமா?

'முப்பது வருடம் மேடையில் இசைக் கலைஞனாக இருந்தேன். இப்போது நாடகம் எழுத ஆசை. இந்த வயதில் சரிவருமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிவரும். நான் 61 வயதில்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் இத்தனை வருடம் வைத்திருந்த கலைதான் முதலில் குறுக்கே வந்து நிற்கும். அதை மட்டும் சொல்கிறேன்.

எனக்குத் தங்கச்சிமடம் பக்கம். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவன். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவென்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நாடகம் நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய 'வள்ளி திருமணம்' நாடகத்தை மேடையிலேயே தர்க்கமும் பாட்டுமாகக் கொண்டுபோவார்கள். யாருக்காவது வசனம் தடுமாறினால், தர்க்கம் சூடு குறைந்தால், ஆர்மோனியக்காரன் அடுத்த பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் எழுந்து போகாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

அந்தப் பழக்கம் பேனாவிலும் வந்துவிட்டது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாகப் போய்வந்த தீவுக் கரைக்குப் போவதே அவர்களுக்குத் தடையாகிவிட்டது. அப்படி ஒரு தாய், பாசி எடுக்க வரமாட்டேன், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்கிற மகள். இதுதான் கதை. ஒன்பது பாட்டு வைத்து எழுதினேன். எங்கள் ஊர் டீச்சர் ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்தம்மா பதில் சொல்ல வேண்டிய இடத்துலயெல்லாம் பாட்டு வந்துருது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. சுவாமிகளின் பாட்டில் வள்ளி வாதாடுவாள், பாட்டுதான் அவள் பதில். நான் எழுதியவை அப்படி இல்லை. அந்தத் தாய் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரியாத இடங்களில்தான் பாட்டு எழுதியிருந்தேன்.

அப்புறம் விடியற்காலையில் கரையில் போய் உட்கார ஆரம்பித்தேன். பாறையில் பாசி பறித்தால் விரல் கிழியும். அதனால் கடலில் இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு விரலுக்கும் பழந்துணியைக் கிழித்துச் சுற்றுகிறார்கள். ஒரு கைக்கு இன்னொரு கை உதவும். ஆனால் முடிச்சை இறுக்கப் பல்தான். துணி நுனியைக் கடித்து இழுக்கும்போது பேச முடியாது. பேச்சு அப்படியே நின்று, முடிச்சு விழுந்த பிறகு தொடரும்.

அதைப் பார்த்ததும் எனக்குக் காட்சி கிடைத்துவிட்டது. மகள் கேட்கிறாள்: "என்னயப் போங்கிறியா, வேணாங்கிறியா? ஒரு வார்த்தை சொல்லும்மா." தாயின் வாயில் துணி. ஒரு விரலை முடித்துவிட்டு அடுத்த விரலுக்குத் துணி எடுக்கிறாள். முன்பு அந்த இடத்தில் ஒரு சோகப் பாட்டு வைத்திருந்தேன்.

நாற்பது நிமிட நாடகம். ஒரு திருவிழா மேடையில் போட்டோம். இந்த இடம் வந்தபோது கீழே ஆர்மோனியத்தின் முன்னால் இருந்தேன். கை தானாகக் கட்டைக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். மூன்றாவது விரலைக் கட்டும்போது கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி, "சொல்லேண்டி அவளுக்கு!" என்று கத்தினார். முப்பத்தோரு வருடத்தில் என் வாசிப்புக்கு அப்படி ஒரு குரல் வந்ததில்லை.

நீங்களும் முதல் பிரதியை எழுதி முடித்ததும், பாட்டோ பின்னணி இசையோ வருகிற இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த இடத்தில் யாருக்கு யார் பதில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு மூன்று பேரை வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது, இழுவை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். என் ஒன்பது பாட்டில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே மகள் பாடுவது.