கடைவாய்ப்பல் சொத்தை: எண்ணெய் கொப்பளித்தால் குழி மூடுமா?

கீழ்க் கடைவாய்ப்பல்லில் கருப்பாகக் குழி, ராத்திரி வலி தூங்க விடவில்லை, எண்ணெய் கொப்பளித்தால் மூடுமா என்று கேட்டிருந்தீர்கள். மூடாதுங்க. சொத்தை தொடக்கத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே ஃபுளோரைடு பேஸ்ட்டால் பல்லை மீட்கலாம். குழி விழுந்தபின் எந்தச் சூரணமும் அடைக்காது. ஆலும் வேலும் பல்லுக்குறுதிதான், சொத்தை வராத பல்லுக்கு!

கிராம்புத் தைலம் வலிக்கு நல்லது, அதிலுள்ள யூஜினால் மரத்துப்போக வைக்கும். ஆனால் நேராக விட்டால் ஈறு வெந்துவிடும். அரை ஸ்பூன் தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு, குழியில் மட்டும் வையுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரோ திரிபலா கஷாயமோ கொப்பளிக்கலாம்.

ராத்திரியில் தானாக வலிக்கிறது என்றால் சொத்தை நரம்பு வரை போயிருக்கலாம். இந்த வாரமே பல் டாக்டரிடம் காட்டுங்கள்; வேர் சிகிச்சையில் (ரூட் கெனால்) பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.