கேளுங்க, பேசலாம்: மைன், தூசி, கைரேகை

போன இதழ்ல கர்நாடகாவுல இருக்குற கோலார் தங்கவயலைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம், அதுக்கு வந்த கேள்விங்களே இந்த மாசப் பக்கத்தை நிரப்பிடுச்சு. அதனால சமையல், ஜாதகம், வீட்டுக்கடன் கேட்டவங்க எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

எங்க தாத்தா தங்கவயல்ல சாம்பியன் ரீஃப் மைன்ல வேலை பார்த்தவரு. நான் சின்ன வயசுல லீவுக்குப் போறப்ப எல்லாம் ராத்திரி பூரா இருமிக்கிட்டே இருப்பாரு. அம்மாகிட்ட கேட்டா "மைன்ல இருந்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான்"னு சொல்லி முடிச்சிடுவாங்க. அவ்வளவு கஷ்டமான வேலைக்கு ஏன் போனாங்க?
— வாசகி, உட்லண்ட்ஸ்

ஏன் போனாங்கன்னா ஊருல இருக்க முடியாமதான் போனாங்க. 1880ல இங்கிலாந்துக்காரங்களோட ஜான் டெய்லர் கம்பெனி அங்க இறங்குனப்போ வட ஆற்காடு, தர்மபுரி, சித்தூர் பக்கமிருந்து நிலமில்லாத குடும்பங்க கிளம்பி வந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க தலித் மக்கள். ஊருல பண்ணையார் நிலத்துல நாள் பூரா உழைச்சாலும் படி நெல்லும் ஏச்சுப்பேச்சும்தான், இங்க வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னாலும் காசா கூலி கைக்கு வரும், யாரைக் கண்டாலும் துண்டை எடுத்து இடுப்புல கட்ட வேண்டியதில்ல. இந்தக் கணக்கை அவங்க தெரிஞ்சேதான் போட்டாங்க, அதனால ஏமாந்து போனவங்கன்னு அவங்களை நினைக்காதீங்க.

உள்ள எப்படின்னா, சாம்பியன் ரீஃப் கடைசியில 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம் போச்சு, உலகத்துலயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு. கேஜ்ல, அதாவது ஆளுங்களை இறக்குற கூண்டுல, ஏறி இறங்க இறங்க சூடு கூடும், அடியில பாறையைத் தொட முடியாது, காத்தைக் குளிர வச்சு மேல இருந்து அனுப்பித்தான் ஆளுங்களை நிக்க வச்சாங்க. அதுக்கும் மேல ராக் பர்ஸ்ட். அவ்வளவு ஆழத்துல பாறை மேல இருக்குற அழுத்தம் பயங்கரம், வெட்டி வெட்டி காலி இடம் ஆனதும் பாறை தானா வெடிச்சு உள்ள பாயும், சில தடவை மேல ஊருல இருந்த கட்டடம் விரிசல் விடுற அளவுக்கு. லைன் வீட்டுல இருந்த பொம்பளைங்களுக்கு தரை குலுங்குனாலே ஷாப்டு பக்கம், அதாவது சுரங்கத்து வாய்ப் பக்கம், ஓடத்தான் தோணும்.

ஆனா உங்க தாத்தாவோட இருமலுக்கு இதெல்லாம் காரணம் இல்ல. தங்கவயல்ல தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள்ள. குவார்ட்ஸ்னா சுத்தமான சிலிகா. அதை டிரில் போட்டுத் துளைச்சு வெடி வச்சு உடைக்கிறப்ப கண்ணுக்கே தெரியாத தூசி கிளம்பி நுரையீரலோட அடி வரைக்கும் போயிடும், போனது திரும்பி வராது. அது உக்காந்த இடமெல்லாம் தழும்பு கட்டி நுரையீரல் விரியுற தன்மையே போயிடும், இதுக்குப் பேர் சிலிகோசிஸ். மருந்து இல்ல. வேலையை விட்ட பிறகும் கூடிக்கிட்டே போகும், டிபி வர்றதுக்கும் வழி விட்டுடும், அதனால பல பேரை டிபின்னே எழுதி அனுப்பிட்டாங்க. 1940கள்ல தங்கவயல் தொழிலாளிங்க 7,000 பேருக்கு மேல எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க, 100க்கு 40 பேருக்கு மேல இந்த நோய். கிட்டத்தட்ட பாதிப் பேரு! விபத்துல செத்தவங்களுக்காவது ஒரு தேதி இருக்கு, பேப்பர்ல பேர் இருக்கு. வேலையை விட்டு ஊருக்குப் போய் திண்ணையில மூச்சு வாங்கிச் செத்தவங்களை எந்தக் கணக்குலயும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இதுதான் தாங்க முடியல.

இன்னொண்ணும் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, அவங்க சும்மா தலையைக் குனிஞ்சு நிக்கல. 1930ல கம்பெனி எல்லார்கிட்டயும் கைரேகை வாங்கிப் பதியணும்னு கொண்டு வந்தப்போ, நாங்க என்ன திருடனான்னு மொத்தத் தங்கவயலும் வேலைநிறுத்தத்துல இறங்குச்சு. மைனை மூடுனது 2001 பிப்ரவரி 28. இன்னைக்கும் அங்க சயனைடு மேட்டுல இருந்து, அதாவது தங்கம் பிரிச்செடுத்த பிறகு கொட்டுன கழிவு மண் மேட்டுல இருந்து, காத்தடிச்சா தூசி வீட்டுக்குள்ளதான் வருது.

உலகத்துலயே பெரிய சுரங்க விபத்து எது சார்? ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வேணும்.
— மாணவர், செங்காங்

சீனாவுல பென்சிஹூ நிலக்கரிச் சுரங்கம், 1942 ஏப்ரல் 26, செத்தவங்க 1,549 பேர். அப்ப அது ஜப்பான்காரங்க கையில இருந்துச்சு. உள்ள வெடிச்சுத் தீ பிடிச்சப்ப, அதை அணைக்க உள்ள போற காத்தை நிறுத்தி சுரங்க வாயை மூடிட்டாங்க, அதனால வெடிப்புல செத்தவங்களை விட கார்பன் மோனாக்சைடு விஷவாயுல செத்தவங்கதான் நிறைய. ஐரோப்பாவுல பெருசு 1906 மார்ச் 10, பிரான்ஸ்ல கூரியேர், 1,099 பேர். அதுல ஒரு விஷயம் கண்டிப்பா ப்ராஜெக்டுல எழுதுப்பா: இனிமே யாரும் உயிரோட இருக்க மாட்டாங்கன்னு மேல முடிவு கட்டிட்டாங்க, 20 நாள் கழிச்சு 13 பேர் இருட்டுக்குள்ள தடவித் தடவி நடந்து தாங்களாவே வந்து நின்னாங்க. உள்ள வண்டி இழுத்த குதிரையோட கறியைத் தின்னு பொழைச்சிருக்காங்க.

அப்புறம் சின்னப் பசங்க. இங்கிலாந்துல உன்னை விடச் சின்ன பிள்ளைங்க காத்து போற கதவைத் திறந்து மூட இருட்டுல மணிக்கணக்கா தனியா உக்காந்திருப்பாங்க. 1838 ஜூலை 4, ஹஸ்கர் சுரங்கத்துல பேய்மழை வெள்ளம் உள்ள புகுந்து 26 பிள்ளைங்க செத்தாங்க, சின்னவங்களுக்கு 7 வயசு. அதுக்கப்புறம் 4 வருஷம் ஆச்சு, பொம்பளைங்களும் 10 வயசுக்குக் கீழ உள்ள பையன்களும் உள்ள இறங்கக்கூடாதுன்னு சட்டம் வர.

சுரங்கத்துக்குள்ள குருவி கொண்டு போவாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

நெஜம்தான், கேனரிங்கிற மஞ்சக் குருவி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மனுசன் மயங்கி விழுற வரைக்கும் தெரியாது, குருவி வேகமா மூச்சு விடுறதால முன்னாடியே சாய்ஞ்சிடும். ஹால்டேன்ங்கிற விஞ்ஞானி சொன்ன யோசனை. சில கூண்டுல மேலயே சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும், குருவி விழுந்ததும் கூண்டுக் கதவைச் சாத்தி ஆக்சிஜனைத் திறந்து விட்டுப் பொழைக்க வைப்பாங்க. பிரிட்டன்ல 1986 வரைக்கும் இது இருந்துச்சு. அந்த அக்கறையைப் படிக்கிறப்போ, வேல்ஸ்ல 1913ல செங்கனித் சுரங்கத்துல 439 தொழிலாளிங்க செத்ததுக்கு மேனேஜருக்கு 24 பவுன், கம்பெனிக்கு 10 பவுன் அபராதம் போட்ட கணக்குதான் நெஞ்சுல வந்து நிக்குது.

நம்ம சிங்கப்பூருக்கும் சுரங்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
— வாசகர், பிடோக்

நிறைய. மலாயாவுல பேராக் பக்கம் கிந்தா பள்ளத்தாக்குல சேத்துல நின்னு வெட்டுன வெள்ளீயத் தாது (டின்) கப்பல்ல இங்கதான் வந்துச்சு, ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1890ல இங்க புலாவ் பிரானி தீவுல உருக்காலை வச்சிருந்தாங்க. மலாயாவுல தமிழருங்க ரப்பர் தோட்டத்துல மட்டும் இருந்தாங்கன்னு நினைக்காதீங்க, சிலாங்கூர் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்துலயும் இருந்தாங்க. 1937ல அங்க நடந்த வேலைநிறுத்தம் அரசாங்கத்தையே ஆட்டுச்சு. இங்க சுரங்கம் இல்லைன்னாலும் கல் குவாரி இருந்துச்சு. ஜோகூருக்குப் போற காஸ்வே பாதைக்குப் போட்ட கருங்கல் புலாவ் உபின், புக்கிட் தீமாவுல உடைச்சதுதான். கருங்கல்லுலயும் சிலிகா உண்டு.

நான் கிச்சன் டாப் கல் கட்டிங் பண்ற வேலையில இருக்கேன். தங்கவயல் கட்டுரை படிச்சதுல இருந்து பயமா இருக்கு. எங்களுக்கும் அந்த நோய் வருமா அண்ணே?
— ஊழியர், காக்கி புக்கிட்

வரும் தம்பி, மறைக்க மாட்டேன். குவார்ட்ஸ் டாப்புன்னு விக்கிறாங்களே, அதுல 90 சதவீதம் வரைக்கும், சிலதுல அதுக்கும் மேல சிலிகா. தங்கவயல் பாறையில இருந்த அதே சாமான். ஆஸ்திரேலியாவுல இளம் வயசுப் பசங்களுக்கே இந்த நோய் வந்ததைப் பார்த்து, 2024 ஜூலை 1ல இருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிட்டாங்க.

நீங்க செய்ய வேண்டியது: காய்ஞ்ச கல்லுல கிரைண்டர் வைக்காதீங்க, தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்தத் தூசியைத் தடுக்காது, குறைஞ்சது என்95, அதுவும் தாடி இல்லாம முகத்துல ஒட்டி உக்காரணும். சாயங்காலம் துடைப்பத்தால பெருக்காதீங்க, ஏர் கன்னால சட்டையை ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. சிலிகா தூசியில வேலை செய்றவங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயோட மருத்துவப் பரிசோதனை செய்யணும்னு இங்க சட்டமே இருக்கு, முதலாளிகிட்ட கேளுங்க, கேக்கத் தயக்கமா இருந்தா மனிதவள அமைச்சுக்கு எழுதுங்க. சிலிகோசிஸ் வந்தா நஷ்டஈடு கேக்குறதுக்கும் உரிமை உண்டு. எந்தெந்தத் தேதியில எங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, நோய் தெரிய வர்றது பல வருஷம் கழிச்சுதான், அப்ப நீங்க ஊருல இருப்பீங்க, கம்பெனி பேரு கூட மறந்திருக்கும். படிகள்ல ஏறுறப்ப முன்ன மாதிரி இல்லாம மூச்சு வாங்குச்சுன்னா, டாக்டர் கேக்குறதுக்கு முன்னாடியே "நான் கல் அறுக்குற வேலை"ன்னு நீங்களே சொல்லிடுங்க.