செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்றால் என்ன?

கோயிலில் பரிகாரம் செய்தால் செய்த பிழை நீங்கிவிடுமா என்பது கேள்வி. நான் செய்து பார்த்தவன், நீங்கவில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிய காலத்தில், வசூலுக்குப் போகும் பையன் கொண்டுவந்து தந்த 4,500 ரூபாயை, பெயர் ஒற்றுமையால் வேறொரு வாடிக்கையாளரின் பக்கத்தில் வரவு வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் பணம் கட்டியவர் வந்து சத்தம் போட, தராசடியில் மூட்டை தூக்கும் நாட்டாமிமார் பார்த்திருக்க, முதலாளி பையனைக் கள்ளன் என்று சொல்லித் துரத்தினார். இரண்டு நாள் கழித்துப் பேரேட்டில் என் கையெழுத்தைக் கண்டும் வாய் திறக்காமல், செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் போய் அர்ச்சனை செய்தேன்.

பிராயச்சித்தத்துக்குத் தமிழில் கழுவாய் என்று பெயர். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவருக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவருக்கோ உய்தி இல்லை என்கிறார். எனக்கு நாள்தோறும் மதியச் சோறு வாங்கி வந்தவன் அந்தப் பையன் என்பதால், அந்த வரி என்னை உறுத்தியது.

தராசில் நின்ற முஸ்லிம் நானாவிடம் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான தவறுகளுக்குப் போதும் என்றும், இன்னொரு மனிதனின் ஹக்கை, அதாவது உரிமையைப் பறித்திருந்தால் அதை அவனிடமே திருப்பிக் கொடுக்காமல் தௌபா என்னும் பாவமீட்சி நிறைவேறாது என்றும் அவர் விளக்கினார். கத்தோலிக்கர் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும், களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை மன்னிப்பால் அற்றுப்போவதில்லை.

முதலாளியிடம் ஒப்புக்கொண்டு, பையன் இழந்த சம்பளத்தை என் கைக்காசில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாங்கவில்லை. “காசு கிடக்கட்டும் அண்ணே. கள்ளன் எண்டு சொன்னது தராசடியிலதானே, அங்க வந்து சொல்லுங்க” என்றான். நான் கொண்டுபோனது ஈடு. அவன் கேட்டதுதான் கழுவாய் என்று அப்போதுதான் விளங்கியது. மறுநாள் அதே நாட்டாமிமார் முன்னால், பிழை என்னுடையது என்று சொன்னேன். முதலாளி வேலைக்குத் திரும்பி வரச் சொல்லியும் அவன் மறுத்துவிட்டான்.

சம்பளத்தை மட்டும் வாங்கி, என் கண்முன்னே இருமுறை எண்ணிப் பார்த்த பிறகே பையில் வைத்தான்.