மலேரியாவுக்குத்தான் மாத்திரை இருக்கே, அப்புறம் எதுக்குங்க புது மருந்து?

திருப்பூர்ல ஒரு லேப்ல ரத்த ஸ்லைடு பாக்குற வேலைங்க எனக்கு, அதனால தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மாத்திரை இருக்குதுங்க, ஆனா கிருமி சும்மா இருக்கறதில்ல. மொதல்ல இருந்தது குயினின், வால்பாறைப் பக்கம் சின்கோனான்னு மரத்துப் பேர்லயே ஒரு ஊரு இருக்குதுல்ல, அந்த மரத்துப் பட்டையில இருந்து எடுக்கறது. பொறவு குளோரோகுயின் வந்துச்சு, விலையும் கம்மி, நெம்ப நல்லா கேட்டுச்சு. ஆனா 1950கள் கடைசியிலயே தாய்லாந்து கம்போடியா எல்லையில மலேரியாக் கிருமியிலயே உசுர எடுக்கற வகையான பால்சிபாரம் அதுக்கு மசியல, 1973ல நம்ம அசாம்லயும் அதே கதைதான். இந்தக் கிருமி நம்ம சிவப்பணுவுக்குள்ள போயி ஹீமோகுளோபினத் திங்குது, அதுல மிஞ்சற ஹீம்ங்கற இரும்பு இருக்கற பகுதி கிருமிக்கே விசம்ங்கறதால படிகமா மாத்தி ஒதுக்கி வெச்சுக்கும், குளோரோகுயின் அதத்தான் தடுக்கும். கிருமி என்ன பண்ணுச்சு, ஒரு புரதத்த மாத்திக்கிட்டு உள்ள வந்த மருந்தையே வெளிய தள்ள ஆரம்பிச்சிருச்சு.

அடுத்து வந்தது ஆர்டிமிசினின். சீனாவுல 1967ல ராணுவத்துக்காக ரகசியமா ஆரம்பிச்ச திட்டத்துல தூ யூயூங்கற அம்மா பழைய வைத்தியச் செடியில இருந்து எடுத்தது, 2015ல நோபல் குடுத்தாங்க. இது சட்டுனு வேலை செஞ்சு சட்டுனு உடம்ப விட்டுப் போயிரும், அதனால கூட இன்னொரு மருந்து சேத்துத்தான் தரோணும். மொத மருந்து அறுப்பு அறுத்துட்டுப் போயிரும், ரெண்டாவது காட்டுல நின்னு விட்டுப்போன கதிரையெல்லாம் பொறுக்கும்.

இப்ப அதுலயும் கை வெச்சிருச்சுங்க. 2008 வாக்குல மேற்கு கம்போடியாவுல கண்டுபிடிச்சாங்க, மருந்து குடுத்தும் ரத்தத்துல கிருமி கொறைய நெம்ப நேரம் ஆகுது. கெல்ச் 13ங்கற ஜீன் மாறிப்போனா கிருமி சின்னப் பருவத்துல ஹீமோகுளோபினக் கம்மியாத் திங்குது, மருந்தத் தூண்டி விடறதே அந்தத் தீனியில வர்ற ஹீம்தான்ங்கறதால மருந்து முழுசா வேலை செய்யறதில்ல. இப்ப அது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியாவுலயும் இருக்குது. 2023ல மட்டும் மலேரியாவுல செத்தவங்க 5,97,000 பேருன்னு உலக சுகாதார நிறுவனக் கணக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கொழந்தைங்க. அந்த ஊர்ல ஆர்டிமிசினினும் போச்சுன்னா கைவசம் வேற என்ன இருக்குது சொல்லுங்க?

அதனாலதான் இதுவரைக்கும் கிருமி பாக்காத வழியில கொல்ற மருந்தாத் தேடுறாங்க. நோவார்ட்டிஸும், மலேரியா மருந்து உருவாக்கற, லாப நோக்கமில்லாத எம்எம்வி அமைப்பும் சேந்து கானாபிளாசைட்னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க, 23 லட்சம் மூலக்கூறுகளச் சலிச்சு எடுத்ததாம். லூமிஃபான்ட்ரின்ங்கற பழைய மலேரியா மருந்து கூட சேத்து 12 ஆப்பிரிக்க நாட்டுல 1,600 பேருக்கு மேல சோதிச்சு 2025 நவம்பர்ல முடிவு சொன்னாங்க, 97.4 சதவீதம் குணம். எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது, கொசு வழியாப் பரவுற பருவத்துக் கிருமியையும் சேத்துக் கொல்லுதுங்கறது. அந்தப் பருவத்த ஸ்லைடுல பிறை வடிவத்துல பாப்போம், காய்ச்சல் போன ஆளு ரத்தத்துலயும் அது இருக்கும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து பனியன் கம்பெனிக்கு வர்ற பசங்கதான் சம்பந்தம். எங்ககிட்ட எச்சா வர்றது வைவாக்ஸ்ங்கற இன்னொரு வகை மலேரியாங்க, அதுக்கு இந்தியாவுல குளோரோகுயின் இன்னும் கேக்குது, ஆனா ஈரல்ல ஒளிஞ்சிருக்கறதக் கொல்ல பிரைமாகுயின் 14 நாளு முழுங்கோணும். மூணாம் நாளு காய்ச்சல் விட்டுருது, சம்பளம் போயிருமேன்னு பையன் தறிக்கோ தையலுக்கோ திரும்பிருவான், மிச்ச மாத்திரை அப்புடியே கெடக்கும், சில மாசத்துல மறுபடி நடுங்கிக்கிட்டு வருவான், அவனத் திட்டி என்ன பிரயோஜனம். அதனால என்னையக் கேட்டா மருந்து புதுசா இருந்தா மட்டும் பத்தாது, நாளும் கொறையோணும். அதுக்கு டாஃபெனோகுயின்னு ஒரே வேளை மருந்து 2018லயே அமெரிக்காவுல அனுமதி வாங்கிருச்சு, ஆனா சிவப்பணுவக் காப்பாத்தற ஜி6பிடிங்கற நொதி கம்மியா இருக்கறவங்களுக்குக் குடுத்தா சிவப்பணு உடைஞ்சு போகும், ஒரே வேளைங்கறதால பாதியில நிறுத்தவும் முடியாது, மொதல்ல அந்த டெஸ்ட் எடுத்தே ஆகோணும். அந்த டெஸ்ட்டு பெரிய ஆஸ்பத்திரியோட நிக்காம ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வரோணுங்க, ஏன்னா காய்ச்சலோட அந்தப் பசங்க மொதல்ல போற எடம் அதுதான்.