வாசல்ல சண்ட போடுற தேனீக்கு எத்தன கிராம் பவுடர்?

மலேசியால சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்லேருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு: "அண்ணே, லயத்துக்குப் பின்னாடி ஆறு பொட்டி வெச்சிருக்கேன், எல்லாம் செரானா, நம்ம ஆசியத் தேனீ. ரெண்டு பொட்டில புழு செத்துச்சு. கடைல டெட்ராசைக்ளின் பவுடர் குடுத்தாங்க, சீனித் தண்ணில கலந்து வெச்சேன். இப்ப பத்து நாளா அந்த ரெண்டு பொட்டி வாசல்லயும் ஒண்ண ஒண்ணு றெக்கையப் புடிச்சி இழுக்குதுங்க, தேனீயும் கொறஞ்சிபோச்சு. இன்னும் எத்தன கிராம் போடணும்?"

ஒரு கிராமும் வேணாம் தம்பி. மொதல்ல வாசல ரெண்டு தேனீ போற அளவுக்கு அடைங்க. சீனித் தண்ணிய பகல்ல வெச்சா பக்கத்துப் பொட்டி தேனீ கொள்ளையடிக்க வந்துரும், பாதி சண்ட அதனாலயே இருக்கும். பொழுது சாஞ்சப்புறம் பொட்டிக்குள்ள, சிந்தாம வைங்க. நீங்க கேட்டதுக்கு பதில் அவ்ளோதான்.

கேட்டிருக்க வேண்டியது வேற. செத்த புழுவ பல்லுக்குச்சில தூக்கிப் பாத்தீங்களா? தண்ணி கட்டுன பை மாதிரி முழுசா வந்துச்சுன்னா அது சேக்புரூட்ங்கிற புழு நோய், வைரஸால வர்றது. டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்கு அதக் குடுக்கறது பஞ்சருக்கு பெட்ரோல் ஊத்துற கததான். கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும், ஆனா பவுடர் வித்தாகணும்லா.

பவுடரால நோயும் போகல, தேனீ வயித்துல இருந்த நல்ல பாக்டீரியாவும் போச்சு. பொறந்த தேனீ வயித்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது, அக்காமாருங்ககிட்டேருந்தும் அடைலேருந்தும் நாலஞ்சு நாள்லதான் ஸ்னாட்கிராசெல்லா, கில்லியமெல்லானு ஒரு பாக்டீரியா கூட்டமே குடியேறும். 2020ல அமெரிக்காவுல பாத்தாங்க, ஒரே பொட்டி தங்கச்சிங்களுக்கு வேற வேற பாக்டீரியா குடுத்தா ஒடம்பு வாசமே மாறிடுது, கூடப் பொறந்ததையே அந்நியம்னு வெரட்டுதுங்க. 2022ல சுவிட்சர்லாந்து லோசான்ல முதுகுல குறி ஒட்டி கேமரால கவனிச்சாங்க, வயித்துல பாக்டீரியா உள்ளதுங்கதான் தலையோட தல வெச்சி அதிகம் பழகுச்சாம். அதுக்கு முன்ன 2017லயே டெக்சஸ்ல டெட்ராசைக்ளின் குடுத்து பொட்டிக்குத் திருப்பி விட்டதுங்கள்ல பொழச்சது கம்மி. இதெல்லாம் மெல்லிஃபெராங்கிற ஐரோப்பியத் தேனீல செஞ்சது, செரானா வயித்துலயும் இதே குடும்பம்தான். நானும் ஒரு காலத்துல பவுடர் கலக்குனவன், நாலு பொட்டி காலி.

அடுத்து புரோபயாடிக்னு ஒரு பாக்கெட் நீட்டுவாங்க, அதுக்கும் காசு குடுக்காதீங்க. சிலர் மோர் கலக்கச் சொல்வாங்க, மோர நீங்க குடிங்க. மாட்டுப் பால் பாக்டீரியா தேனீ வயித்துல தங்காது.

ராணிய கொஞ்ச நாள் கூண்டுல போட்டு முட்டைய நிறுத்துங்க, கெட்ட அடைய எடுத்து எரிச்சிடுங்க. ஆள் சேக்கணும்னா நல்ல பொட்டிலேருந்து மூடுன புழு அடை ஒண்ண, ஒட்டிருக்க தேனீய உதறிட்டு வைங்க, பெரிய தேனீய மாத்தி விட்டா திரும்ப சண்டதான், உள்ளயே பொறக்கறது அந்த வீட்டு வாசத்தோட வளரும். பவுடர் குடுத்த பொட்டித் தேன விக்காதீங்க.

செம்பனைல புல்லு மருந்து அடிக்கிற லைன்லேருந்து பொட்டி எவ்ளோ தூரம்னு நீங்க எழுதவே இல்ல. கிளைஃபோசேட்ங்கிற புல்லு மருந்து அந்த ஸ்னாட்கிராசெல்லாவ கொறைக்குதுனு 2018லயே காட்டிட்டாங்க. கங்காணிகிட்ட அடிக்கிற நாள கேட்டுட்டு மறுபடி எழுதுங்க.