ஊசித்துளையைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: என் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த வாயை மூடும் பாடி மூடியில் ஊசித்துளை வைத்துப் படம் எடுக்க ஆசை. "லேசரில் போட்ட துல்லியத் துளை" என்று ஆன்லைனில் தகடு விற்கிறார்கள். ஆய்வகக் கருவி கம்பெனிகளிடமும் கிடைக்கிறது, ஆனால் விலை கட்டுப்படியாகாது. என்ன அளவில், எதை வாங்குவது?

பதில்: அளவு 0.3 மி.மீ. மவுண்ட்டிலிருந்து (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சார் வரை 46.5 மி.மீ. அதை 0.00055-ஆல் (பச்சை ஒளியின் அலைநீளம், மி.மீ.யில்) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மறுபடி 1.9-ஆல் பெருக்கினால் இது வரும். துளை பெரிதானாலும் படம் மங்கும். மிகச் சிறிதானாலும் ஒளி விளிம்பில் வளைந்து பரவி மங்கும்.

ஆய்வகத் தகடு வேண்டாம். தார்லேப்ஸ், எட்மண்ட் ஆப்டிக்ஸ் விற்பவை லேசர் கற்றையைச் சுத்தப்படுத்தப் பயன்படுபவை. சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளைக்கு அந்த விலை சரி. உங்களுக்கு 0.3 என்பது 0.32 ஆனாலும் படத்தில் தெரியாது.

ஆன்லைன் தகட்டில் நான் ஏமாந்திருக்கிறேன். உறையில் 0.3 என்று போட்டிருந்தது. ஸ்கேனரில் 2400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 2400 பிக்சல்) வைத்துப் பார்த்தேன். 28 பிக்சல் இருக்க வேண்டிய துளை 40 பிக்சல். அதாவது 0.42 மி.மீ., வெளிச்சம் இரு மடங்கு! ஓரத்தில் பிசிர் வேறு. விற்பவரிடம் விட்டத்தோடு தகட்டின் கனத்தையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்களே செய்யலாம். குளிர்பான கேனில் ஒரு துண்டு வெட்டி, ரப்பர் மேல் வைத்து, ஊசியால் அழுத்துங்கள். குத்திவிடாதீர்கள், மறுபக்கம் சின்னதாகப் புடைத்தால் போதும். அந்தப் புடைப்பை 600-ஆம் நம்பர் நீர்த்தாளில் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கத் தேய்க்கத் துளை தானாகத் திறக்கும். ஊசிமுனையை லேசாகச் சுழற்றிப் பிசிரை எடுத்து, ஸ்கேன் செய்து அளந்துகொள்ளுங்கள். எனக்கு நாலாவது துண்டில்தான் உருப்படியாக வந்தது.

பின்னாளில் 4×5 அங்குல பிலிமுக்கு, துளையிலிருந்து பிலிம் வரை 75 மி.மீ. உள்ள பெட்டி கட்டினால் கதை வேறு. மூலைக்கு ஒளி 45 டிகிரி சாய்வில் போகும். அங்கே துளை 0.39 மி.மீ.; கேன் தகட்டின் 0.1 மி.மீ. கனமே அதன் அகலத்தில் கால்வாசியை மறைத்துவிடும். அப்போது மெல்லிய லேசர் தகட்டுக்குச் செலவழிக்கலாம்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100-க்கு சுமார் 1 விநாடி திறந்து வையுங்கள், ட்ரைபாடு கட்டாயம். அதற்கு முன் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள். எஃப்/155-ல் (46.5-ஐ 0.3-ஆல் வகுத்தால் வரும் துளை எண்) ஒவ்வொரு தூசியும் கறுப்புப் புள்ளியாக விழும்.