ஃப்ரிட்ஜில் வைத்த சகுராமோச்சி கல்லாகிவிட்டதா?

கேள்வி: டோக்கியோவில் இருக்கிறோம். தெருமுனை வாகஷி (ஜப்பானிய இனிப்பு) கடையில், செர்ரி இலை சுற்றிய ஆறு சகுராமோச்சி வாங்கி, மீந்த மூன்றை ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் விறைத்துப்போயிருந்தது. கெட்டுவிட்டதா? சுற்றியிருக்கும் இலையைச் சாப்பிடலாமா? ஊருக்குப் போகும்போது எந்த இனிப்பை எடுத்துப்போகலாம்?

பதில்: ஒரே இரவில் கெட்டிருக்காது. விறைக்கவைத்தது குளிர்தான். வெந்த மாவுச்சத்து ஆற ஆற, பிடித்துவைத்திருந்த நீரை விட்டு இறுகும். 0 முதல் 5 டிகிரி வரை இது மிக வேகமாக நடக்கும். ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதும் அதே குளிர்தானே! அங்கே வைத்த சோறு விறைப்பதும் இதனால்தான்.

சரிசெய்ய, முதலில் இலையை உரித்துத் தனியே வையுங்கள். மோச்சிமேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, தளர்வாக மூடி, மைக்ரோவேவில் 500 வாட்டில் 10 நொடி வையுங்கள். போதாவிட்டால் இன்னொரு 5 நொடி. மொத்தமாக 30 நொடி வைத்தால் மேல்பகுதி பசையாகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் அங்கோ (இனிப்புப் பயறு விழுது) நாக்கைச் சுட்டுவிடும். இட்லிப் பானை இருந்தால் ஆவியில் 3 நிமிடம் போதும், அதுதான் இன்னும் நல்லது. சூடாக்கியதை உடனே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் மறுபடி இறுகும்.

உங்களுடையது அநேகமாக ஒசாகா, கியோட்டோ பக்கத்துக் கன்சாய் பாணி. ஒட்டும் தன்மையுள்ள மோச்சி அரிசியை வேகவைத்து, காயவைத்து, ரவையாக உடைத்த 'தோமியோஜி' மாவில் செய்வது. மேலே பருக்கை பருக்கையாகத் தெரியும். டோக்கியோவுக்கே உரியது வேறு: சுமிதா ஆற்றங்கரையில் சோமெய்ஜி கோயிலருகே 1717இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் வகை. கோதுமை மாவை மெல்லிய தோசைபோல ஊற்றி, அங்கோவைச் சுருட்டி வைப்பார்கள். அதில் விளிம்புதான் முதலில் காயும்.

இலை ஓஷிமா செர்ரி மரத்துடையது. பெரும்பாலும் இசு தீபகற்பத்தின் மத்சுசாகியிலிருந்து வருகிறது. மரத்தில் இருக்கும்போது அந்த மணம் கிடையாது. உப்பில் ஊறும்போதுதான் கூமரின் என்ற வாசனைப் பொருள் உண்டாகி மணக்கிறது. தின்பதும் உரிப்பதும் உங்கள் விருப்பம். தின்பதானால் நடு நரம்பைக் கிள்ளி எறியுங்கள், அது பல்லில் சிக்கும். மே 5ஆம் தேதியை ஒட்டி வரும், ஓக் இலை சுற்றிய காஷிவாமோச்சியின் இலை நாராக இருக்கும், அதைத் தின்ன வேண்டாம்.

அன்றன்றைக்குச் செய்து விற்கும் மோச்சி, தாங்கோ (அரிசிமாவு உருண்டை) எல்லாம் அன்றே தீரவேண்டியவை. மீந்தால், வாங்கிய அன்றே ஒவ்வொன்றாக இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அந்த 0–5 டிகிரியைச் சட்டென்று தாண்டிவிடுவதால் இரண்டு வாரம் தாங்கும். எடுத்ததும் வெளியிலேயே வைத்து இளகவிடுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம். ஸ்ட்ராபெர்ரி வைத்த தைஃபுகுவுக்கு (அங்கோ அடைத்த உருண்டை மோச்சி) இது ஆகாது, பழம் நீர்விட்டு மாவைச் சொதசொதப்பாக்கிவிடும். கோடையில் வரும் மிசு யோகானும் (நீர் அதிகமுள்ள அங்கோ ஜெல்லி) உறைந்தால் நீர் பிரிந்துபோகும். ஃபுகுய் வட்டாரத்தில் அந்த மிசு யோகானைக் குளிர்காலத்தில் தின்பார்கள்!

ஊருக்கு எடுத்துப்போக, காற்றுப்புகா உறையில் அடைத்த கெட்டி யோகான்தான் (கெட்டியான அங்கோ ஜெல்லி) என் முதல் தேர்வு. சர்க்கரை அதிகம் என்பதால் பிரிக்காதவரை மாதக்கணக்கில் கெடாது. கடற்பாசியில் எடுக்கும் கந்தேனால் உறையவைப்பதால் சைவர்களுக்கும் ஒத்துவரும். உலர்ந்த ஹிகாஷி வகைகளும் தாங்கும், ஆனால் அமுங்கினால் பொடியாகிவிடும், பெட்டியின் நடுவில் வையுங்கள். தோராயாகி (நடுவில் அங்கோ வைத்த அப்பம்), காஸ்தெல்லா (கேக்) இரண்டிலும் முட்டை உண்டு.

கடையில் 'ஹிமோச்சி' எத்தனை நாள் என்று கேளுங்கள், எவ்வளவு தாங்கும் என்று சொல்வார்கள். உறையில் 'ஷோஹி கிகென்' என்றிருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு தின்னக் கூடாது. 'ஷோமி கிகென்' என்றால் அது சுவைக்கான தேதி, ஓரிரு நாள் தள்ளினாலும் பயமில்லை.